பரிசேயர் லைன்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பு நான்கு வரிசை, நான்கு லைன். முதல் லைன்காரர்கள் சீடர்கள். இரண்டாம் லைன் பரிசேயர்கள். மூன்றாம் லைன் ரோமைப் படைவீரர்கள். நாலாம் லைன் கூட்டம். அதாவது முதலில் ‘ஓசன்னா’ என்று வாழ்த்துப் பாடிவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே ‘சிலுவையில் அறையும்’ என்று கத்துகிறவர்கள். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபாக்டரி மைதானத்தில் நடக்கிற, இயேசு சிலுவையில் மரித்த கதையான பாஸ்கா நாடகத்துக்கான ஏற்பாடு இது. ஊர்க் கோவிலில் இன்ன நாள் மண்டகப்படி இன்ன வகையறாவுக்கு என்று இருக்குமே, அதுபோல லைன் லைனாக இறங்கி வருகிற உரிமை. வேஷம் போடுகிறவர்களில் பாதிப் பேர் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவர்கள். அதனால் உரிமையில் ஒரு குறைச்சலும் இல்லை.

நான் இசக்கியம்மா, எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டீச்சருக்குக் குவார்ட்டர்ஸ் தனி என்பதால் எந்த லைனிலும் சேர்த்தி இல்லை, எனவே வேஷமும் இல்லை. திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பிள்ளைகள் வாய்ப்பாடு மறந்தால் பொறுத்துக்கொள்வேன். வருஷா வருஷம் ஒரே வசனத்தைப் பேசுகிற பெரிய மனிதர்கள் மறந்தால் எனக்குப் பொறுக்காது. திரைக்குள்ளிருந்து நான் திட்டுவது முன் வரிசை வரைக்கும் கேட்கிறது என்று ஒரு புகார் உண்டு. கேட்கட்டும்.

இரண்டாம் லைன்காரர்கள் எல்லாரும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். நாங்கள் லைன் என்பதை அவர்கள் லயம் என்பார்கள். எழுபத்து மூன்றில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கீழ் கோத்தகிரி இறக்கத்தில் இருக்கிற எங்கள் எஸ்டேட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, அவர்களைப் பற்றிய பேச்சு அவர்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. சிலோன்காரர்கள் வாயாடிகள், கை நீளம், இருக்கிற வேலையையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று. அதுவரை ஒரு சிலோன்காரரைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் அதை அதிகமாகச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில், இயேசுவோடு வாதுக்கு நின்ற யூத மதப் பெரியவர்களான பரிசேயர் வேஷத்துக்கு ஆள் இல்லை. ஆண்டவரை ஏசுகிற வேஷம், நாக்கு அழுகிப்போகும் என்று மற்ற மூன்று லைனும் ஒதுங்கிக்கொள்ள, அப்போதிருந்த உபதேசியார் அதை வந்தவர்கள் தலையில் கட்டினார். அவர்களோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். இந்த எஸ்டேட்டில் அவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்த முதல் மரியாதை அது.

ஏழுமலை அண்ணன்தான் தலைமைப் பரிசேயர். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டி வெட்டி உரமேறிய கை. கம்பெனி கொடுக்கிற கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்டு, சணல் தாடி கட்டிக்கொண்டு அவர் நடு மைதானத்துக்கு வந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், எதிர் மலையில் படுகர் ஊரான ஹட்டியில் நாய் குரைக்கும். கைக்குழந்தைகள் வீறிட்டு அழும். அழவில்லை என்றால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பரிசேயர் லைன் என்பது பேராகவே நிலைத்துவிட்டது. மேஸ்திரி காலையில் வேலை பிரிக்கும்போதே “பரிசேயருங்க எல்லாம் ஏழாம் நம்பர் காட்டுக்கு” என்பார். அந்த லைன் மூக்கம்மாவைக் கோத்தகிரி பஸ்ஸில் யாரோ ஓர் அம்மாள் “நீங்க என்ன ஆளுங்கம்மா?” என்று கேட்டதற்கு, “நாங்க பரிசேயருங்க” என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது எந்த லிஸ்ட்டுல வருதுங்க? பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கறாங்களா?” என்றாளாம்.

தொண்ணூறாம் வருஷம் ஏழுமலை அண்ணனின் சிரிப்புக்கு ஆபத்து வந்தது. அதுவும் அவருக்குக் கடைசி வருஷத்தில். ஜூன் மாதம் ரிட்டயர்மெண்ட். ரிட்டயர் ஆனால் லைன் வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மகள் அன்னம் சேரங்கோட்டில் இருந்தாள், அங்கே போவதாக ஏற்பாடு. போவதற்கு முன் ஒருமுறை மைதானம் அதிரச் சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பொங்கலிலிருந்தே தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஃபாதர் இஞ்ஞாசி வந்தார். இளம் வயது, பெரிய படிப்பு, நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் உள்ள தொந்தரவு, அவர்களால் சும்மா இருக்க முடியாது. தவக்காலம் பிறந்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும், நாடகக்காரர்கள் எல்லாரையும் கோவிலுக்குள் உட்கார வைத்தார்.

“பரிசேயர்கள் கெட்டவங்க இல்லை,” என்று ஆரம்பித்தார்.

இரண்டாம் லைன்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தங்களோட மறைநூலை உயிரா நினைச்சவங்க அவங்க. ‘ஏரோது உங்களைக் கொல்லப் பார்க்கிறான், இங்கேருந்து போயிடுங்க’ன்னு இயேசுகிட்ட வந்து எச்சரிச்சதே சில பரிசேயர்தான். அவங்க வீட்டுல அவர் பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டிருக்கார். ஆனா நற்செய்தி எழுதின காலத்துல ரெண்டு தரப்புக்கும் பங்காளிச் சண்டை முத்தியிருந்தது. சண்டை நடக்கிறப்ப எதிர்வீட்டுக்காரனைப் பத்தி எழுதச் சொன்னா எப்படி எழுதுவோம்? நல்லவன் கெட்டவன்னு பிரிச்சா எழுதுவோம்? மொத்தமா ‘அவனுங்க’ன்னு எழுதிடுவோம். அதையே திரும்பத் திரும்பப் படிச்சு, நடிச்சு, கடைசியில யூத ஜனங்களை உலகம் படுத்தின பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால இந்த வருஷம் கறுப்புக் கம்பளி வேண்டாம். முக்கியமா அந்தச் சிரிப்பு வேண்டாம்.”

ஏழுமலை அண்ணன் மெதுவாக எழுந்தார். “அப்ப நாங்க என்னா செய்யிறதுங்க சாமி?”

“அமைதியா ஒரு பக்கமா நில்லுங்க ஐயா. உண்மையைச் சொன்னா, இயேசுவைக் கைது பண்ணின பிறகு கதையில அவங்க பேரு அதிகமா வரவே இல்லை. எல்லாம் தலைமைக் குருக்கள்தான்.”

“அப்ப இத்தன வருசமா நாங்க யாரு வேசத்தப் போட்டோம்?”

முதல் வரிசையிலிருந்து சில்வஸ்டர் குலுங்கிச் சிரித்தார். சில்வஸ்டர் முதல் லைனுக்குப் பெரியவர், ஃபாக்டரியில் டிரையர் பார்க்கிறவர், நாடகத்தில் பேதுரு. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் அவர் அழுகிற அழுகைக்குப் பெண்கள் பக்கம் சேலைத் தலைப்பெல்லாம் ஈரமாகும். பேதுருவைப் போலவே அவருக்கும் முதலில் வாய் பேசும், பிறகுதான் யோசனை வரும்.

அன்றிலிருந்து இரண்டாம் லைன்காரர்கள் ஒத்திகைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஏழுமலை அண்ணனின் மனைவி மாரியாயி அக்கா கம்பளியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் அதை மூன்றாம் முறையாக மடிக்கிறாள் என்று தெரிந்தது.

“கெட்டவங்க இல்லன்னு சொல்றாரு. சந்தோசம். அதுக்கு எதுக்கு எங்க வேசத்தப் புடுங்குறாரு?” என்றாள்.

ஏழுமலை அண்ணன் கஷாயத்தை நிறுத்திவிட்டிருந்தார். வாசல்படியில் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெட்டவனா இருந்தாலும் நடுவுல நின்னேன் டீச்சர். இப்ப நல்லவனாக்கி ஓரத்துல நிறுத்திட்டாங்க,” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேராகப் போய் ஃபாதரிடம் சண்டை போட்டேன். “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பரிசேயருக்கு நியாயம் செய்யப்போய், ரெண்டாம் லைன்ல உயிரோட இருக்கிற பரிசேயரை அழ வச்சுட்டீங்க. அவங்களுக்கு வேற ஏதாவது குடுங்க. இல்லாட்டி நானும் வசனம் எடுத்துக் குடுக்க வரமாட்டேன்.” கடைசிச் சொல்லுக்கு அவர் பயந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் லைனுக்கு வந்தார்.

மாரியாயி அக்கா கோபத்தோடேயே இஞ்சி தட்டிப் போட்டு, பால் விடாத டீயான சாயத்தண்ணி கொடுத்தாள். ஃபாதர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு, “பரிசேயர்ல ஒரு நல்ல பாத்திரம் இருக்கு. அதை உங்களுக்குத் தரலாம்னு வந்தேன்,” என்றார். “நிக்கதேம்னு பேரு. இயேசு செத்த பிறகு, அடக்கம் செய்ய நூறு ராத்தல் வாசனைத் திரவியம் கொண்டு வந்தவரு. யோவான் எழுதியிருக்கார்.”

ஏழுமலை அண்ணன் தலை நிமிர்ந்தது. “எத்தன ராத்தல்?”

“நூறு.”

“நூறு ராத்தலா?”

சிலோனில் கொழுந்து நிறுத்தது ராத்தலில்தான். ஐம்பது ராத்தல் எடுத்தாலே கெட்டிக்காரி. நூறு ராத்தலுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டாம் லைனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. “எங்க ஆளு நூறு ராத்தல் சொமந்து வந்திருக்காரு,” என்று அவர் மாரியாயி அக்காவிடம் சொன்னார். அதற்குள் வாசலில் லைனே கூடிவிட்டது.

“ஒடம்ப சிலுவையிலேருந்து எறக்கினது யாருங்க சாமி?” என்று கேட்டான் சங்கிலி. ஏழுமலை அண்ணனுக்குக் கூட்டாளி, இன்னொரு பரிசேயன்.

“அரிமத்தியா ஊர் சூசைன்னு, யூதச் சங்கத்துல ஒரு பெரிய மனுஷன். அவரும் இந்த நிக்கதேமும்தான்.”

“அப்ப சீடருங்க?”

ஃபாதர் பொய் சொல்லத் தெரியாதவர். “ஓடிப்போயிட்டாங்க,” என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சொன்னது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் நாடகத்தில் உடலை இறக்கிப் பாடையில் வைத்து, மைதானத்திலிருந்து மேட்டுக்குச் சுமந்துபோய்க் கல்லறையில் வைப்பது முதல் லைனின் உரிமை. கல்லறை என்பது மேட்டில் இருக்கிற கொழுந்து நிறுக்கும் கொட்டகை. வெள்ளை வேட்டி கட்டிய சீடர்கள் சாம்பிராணிப் புகைக்கு நடுவே பாடை தூக்கிப் போகும்போது எல்லா லைனும் எழுந்து நிற்கும். நாடகத்தில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. அதைப் பிடித்து ஃபாதர் பரிசேயர் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கோவில் வாசலில் பஞ்சாயத்து. சில்வஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க சாமி, எங்கப்பன் காலத்துலருந்து நாங்க தூக்குறமுங்க. இன்னைக்கு வந்து பரிசேயருங்களுக்குங்கறீங்க. இது என்ன நாயமுங்க?”

ஏழுமலை அண்ணன் குரலை உயர்த்தவில்லை. “ஓடிப்போனவங்களுக்குப் பாடை தூக்க என்னா உரிமை இருக்குங்க?”

“நானா ஓடினேன்? பேதுருவுல்லங்க ஓடினாரு.”

“எங்கள மட்டும் பதினேழு வருசமாப் பரிசேயருன்னு கூப்புட்டீங்க. அப்ப நாங்களா ஆண்டவர ஏசினோம்?”

நாலாம் லைன் கூட்டம் ‘அதானே’ என்றது. அவர்கள் எந்தப் பக்கமும் கத்துவார்கள், அது அவர்கள் உரிமை.

சில்வஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “பேச்சு வேற, வேல வேறங்க. மேட்டுல பாடை தூக்கறதுக்குப் பழக்கம் வேணும். உங்களால ஆகாதுங்க,” என்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மாரியாயி அக்கா பேசினாள். “எங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்குங்க,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சில்வஸ்டர் வாயை மூடிக்கொண்டார். கூட்டமும் மூடிக்கொண்டது.

ஃபாதருக்குப் புரியவில்லை. எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. எழுபத்து மூன்றில் அவர்கள் வந்த முதல் மழைக்காலத்திலேயே ஏழுமலை அண்ணனின் தாயார் இறந்துபோனார். லைனில் அப்போது குடிவந்திருந்த வீடுகளே சில. சுமக்கிற வயதில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். சிலோன்காரர் வீட்டுச் சாவுக்கு மற்ற லைன்களிலிருந்து யாரும் போகவில்லை; ஜன்னலோரம் நின்று பார்த்தார்கள். கொட்டுகிற மழையில் பாடையின் நாலாவது மூலைக்குத் தோள் கொடுத்தது மாரியாயி அக்கா. பெண்கள் பாடை தூக்குவதில்லை என்று பிறகு அதற்கும் குறை பேசினார்கள். இதையெல்லாம் பிற்பாடு யாரும் பேசுவதில்லை. கல்யாணங்காட்சிக்கு இன்று எல்லா லைனும் எல்லா லைனுக்கும் போகிறது. ஆனால் யாரும் மறக்கவும் இல்லை.

ஃபாதர் கடைசியில் களைத்துப்போய், “எழுதியிருக்கிறபடி செய்வோம். எழுதியிருக்கிறது ரெண்டு பேர். ஏழுமலை ஐயாவும் சங்கிலியும் தூக்கட்டும்,” என்றார்.

“ரெண்டு பேர்தானுங்களே?” என்றார் சில்வஸ்டர். வாய் திரும்பி வந்துவிட்டது. “சரிங்க. அப்ப நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். கல்லறைக்குப் போறதுக்குள்ள ஆண்டவரோட கால் தரையில பட்டுதுனா, அடுத்த வருசத்துலருந்து மொறை மறுபடியும் எங்களுக்கு.”

“படாதுங்க,” என்றார் ஏழுமலை அண்ணன்.

சில்வஸ்டர் ஏன் அவ்வளவு தைரியமாகச் சொன்னார் என்பதை, இயேசு வேஷம் போடுகிற ஹரிதாஸைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்டேட் லாரி டிரைவர். ஒரு காலத்தில் விலா எலும்பை எண்ணலாம். போன வைகாசியில் கல்யாணம் ஆனது. பெண்டாட்டி வேணிக்குச் சமையலில் நல்ல கை. தவக்காலத்தில்கூட அவன் இடுப்பு குறைந்த பாடில்லை. “ஹரி, ஒரு வேளையாவது பட்டினி கிட,” என்று நானே சொன்னேன். “பட்டினி கெடந்தா லாரி ஓட்ட முடியாதுங்க டீச்சர்,” என்றான்.

ஏழுமலை அண்ணன் மறுபடி கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். சிரிப்புக்கு இல்லை, முழங்காலுக்கு. சாயங்காலம் வேலை விட்டதும் அவரும் சங்கிலியும் இரண்டு மூங்கிலுக்கு நடுவில் சாக்கு கட்டி, அதில் உர மூட்டையை வைத்து மேட்டில் ஏற்றிப் பழகினார்கள். நான் பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஏற்றிவிட்டு அவர் மட்டும் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். கீழே வரும்போது சாதாரணமாக நடக்கிற மாதிரி நடப்பார்.

பெரிய வெள்ளியன்று காலையிலேயே ஒரு மழை பெய்துவிட்டு நின்றது. மைதானம் பரவாயில்லை. மேட்டுப் பாதைதான் வெண்ணெயாய்க் கிடந்தது. நாடகம் மத்தியானம் தொடங்கியது. நாலாம் லைன் ஓசன்னா பாடியது. சில்வஸ்டர் மூன்று முறை மறுதலித்து, சேவல் கூவி, தேம்பித் தேம்பி அழுது, எழுதியிருக்கிறபடி ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். யூதாஸ் வேஷக்காரன் கருணாகரன், பம்ப் ஹவுஸ் மெக்கானிக், சில்வர் ஓக் மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டு செத்தான். செத்ததும் அவனும் வந்து டீ கேட்டான். மழை ஈரத்தில் சிலுவையில் தொங்கிய ஹரிதாஸுக்கு உண்மையாகவே பல் கிட்டித்தது. அந்த வருஷம் எல்லாரும் அவன் நடிப்பைப் புகழ்ந்தார்கள்.

பிறகு பரிசேயர்கள் வந்தார்கள். கறுப்புக் கம்பளி இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. முன்னால் இரண்டாம் லைன் பெண்கள் கொழுந்துக் கூடை நிறையத் தைல இலையும் எலுமிச்சைப் புல்லும் சுமந்து வர, மூக்கம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் “நூறு ராத்தல், நூறு ராத்தல்” என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த வசனம் நான் கொடுத்தது அல்ல. மைதானம் முழுக்கத் தைல வாசம் ஏறியது. ஏழுமலை அண்ணனும் சங்கிலியும் ஹரிதாஸை இறக்கிப் பாடையில் வைத்தார்கள். பாடை குட்டை, ஹரிதாஸ் நெட்டை. கணுக்காலுக்குக் கீழே பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் ஏழுமலை அண்ணன், பின்னால் சங்கிலி. ஆளுக்கு இரண்டு கையிலும் இரண்டு மூங்கில் முனை. எல்லா லைனும் எழுந்து நின்றது. மைதானம் தாண்டும் வரை ஒரு குலுக்கல் இல்லை. மேடு ஏறத் தொடங்கியதும் சங்கிலிக்குக் கால் வழுக்கியது. பாடையின் பின்பக்கம் இறங்கியது. ஹரிதாஸின் குதிகாலுக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. செத்த ஆண்டவர் காலை மடக்கிக்கொண்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சங்கிலி முழங்கால் ஊன்றியபடியே மூங்கிலை விடாமல் தாங்கினான். முன்னால் ஏழுமலை அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பாடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் நாடகத்துக்கு ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் வைத்துவிட்டால் முறை போய்விடும். அவர் வைக்கவில்லை. நகரவும் முடியவில்லை.

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன வசனம் எடுத்துக் கொடுப்பது? என் கையில் இருந்த காகிதத்தில் ‘உடலைச் சுமந்து செல்கிறார்கள்’ என்று மட்டும்தான் இருந்தது.

பக்கத்தில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. சில்வஸ்டர் எழுந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தால், அவர்கள் தோற்பதை நெருக்கத்தில் போய்ப் பார்க்கப் போகிறாரோ என்று எனக்குக் கோபமே வந்தது. “உக்காருங்க. நீங்க ஓடிப்போன ஆளு,” என்றேன். அவர் கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு பேதுரு தாடியோடு மைதானத்தைக் குறுக்காகக் கடந்து ஓடினார். சங்கிலிக்குப் பக்கத்தில் போய்ப் பின்பக்க மூங்கில் ஒன்றைத் தூக்கித் தன் தோளில் வைத்தார்.

“எந்திரி சங்கிலி. அந்த மூங்கிலத் தோள்ல வெய்யி,” என்றார்.

பின்பக்கம் உயர்ந்தது. ஏழுமலை அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்த ஒரு முனையைத் தோளுக்கு ஏற்றினார். இப்போது மூன்று தோள். முன்பக்கத்து இன்னொரு முனையை அவர் ஒரு கையால்தான் பிடித்துக்கொண்டிருந்தார். பாடை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. நாலாவது மூலை காலியாக இருந்தது.

பெண்கள் வரிசையில் மாரியாயி அக்கா கூடையை இறக்கி வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி வைத்துவிட்டாள். பதினேழு வருஷத்துக்கு முன் மழையில் எப்படிப் போயிருப்பாளோ அப்படியே போனாள்.

அவளுக்கு முன்னால், தூக்குக் கயிறு கழுத்தில் தொங்கத் தொங்க, செத்துப்போன யூதாஸ் ஓடினான்.

“நீங்க நில்லுங்கக்கா. நாங்க இருக்கறமுங்க,” என்று கருணாகரன் நாலாவது மூலைக்குத் தோள் கொடுத்தான்.

பாடை நேரானது. மாரியாயி அக்கா அங்கேயே நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பரிசேயர் இருவர், பேதுரு, யூதாஸ் என்று நால்வருமாக இயேசுவைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். பின்னால் மூன்றாம் லைன் ரோமைப் படைவீரர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டு, வழுக்கினால் தாங்குவதற்காகக் கூடவே நடந்தார்கள். நாலாம் லைனும் கிளம்பிப் போனது. நானும் காகிதத்தை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டு போனேன். வசனம் எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் மிச்சம் இல்லை.

பாதி மேட்டில் சில்வஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, “ஏழுமலையண்ணே, அன்னைக்கு உங்கம்மாளுக்கு...” என்று ஆரம்பித்தார்.

“பாத்து வாங்க. முன்னால வழுக்குது,” என்றார் ஏழுமலை அண்ணன். கொஞ்ச தூரம் போனதும், “வெளங்குதுங்க,” என்றார்.

கொட்டகையில் கொண்டுபோய் வைத்ததும் ஹரிதாஸ் கண்ணைத் திறந்து, “கால் படலீங்களே?” என்று கேட்டான். அதைக் கேட்டு ஏழுமலை அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு கலந்து வந்த சிரிப்பு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பதினேழு வருஷப் பழக்கம், மூன்று மாதக் கஷாயம், எல்லாமாகச் சேர்ந்து புறப்பட்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எதிர் மலை ஹட்டியில் நாய் குரைத்தது. ஃபாதர் இஞ்ஞாசி சிரிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் ஆசுவாசம் ஆனதும்தான் அவருக்குப் படிப்பு ஞாபகம் வந்தது. “எல்லாம் சரி சில்வஸ்டர். ஆனா பேதுரு திரும்பி வந்து பாடை தூக்கினதா நற்செய்தியில நாலு பேர் எழுதினதுலயும் இல்லையே. யூதாஸ் வந்ததா நிச்சயமா இல்லை.”

சில்வஸ்டர் தாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். “நாங்க ஓடினதை எழுதிப்போட்டாங்க சாமி. திரும்பி வந்ததை யாரு பாத்தாங்க எழுதறதுக்கு?”

மாரியாயி அக்கா மூச்சிரைக்க மேடேறி வந்து சேர்ந்திருந்தாள். சில்வஸ்டர் தோளில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு என்னைக் காட்டினாள்.

“டீச்சர் பாத்தாங்கல்ல. அவங்கள எழுதச் சொல்லுங்க,” என்றாள்.

எழுதிவிட்டேன்.